கடன் எழுதிய புத்தகத்தில் கடமையும் எழுதுவோம்



திகாம் பத்து பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் எல்லாருக்கும் ஒரு சிறிய புத்தகத்தை நன்றாகத் தெரியும். உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. மேலட்டையில் 555 என்று மூன்று ஐந்துகள். நாம் கடைக்குப் போய் அரிசியும் மத்தி டின்னும் கேட்போம். கடைக்காரர் பொருளைக் கட்டிக் கொடுத்துவிட்டு, காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து அந்தப் புத்தகத்தில் ஒரு வரி எழுதுவார். சம்பள நாளன்று எல்லாவற்றையும் கூட்டுவார். நாம் கொடுத்ததைக் கழிப்பார். தீர்ந்ததன் மேல் குறுக்கே ஒரு கோடு போடுவார்.

அந்தக் கடைக்காரரைச் சற்று நினைத்துப் பாருங்கள். நூறு குடும்பங்களுக்கு அவர் கடன் கொடுத்தார். அவற்றுள் ஒன்றையும் அவர் தலையில் சுமக்கவில்லை. பொருள் கைமாறிய அந்த நொடியே எழுதினார்; ஓர் இடத்திலேயே எழுதினார்; தீர்ந்ததை அடித்தார். ஆகவே, ஒரு காசும் அவருக்கு விட்டுப்போகவில்லை. நாமோ நமக்குரிய வேலைகளையெல்லாம் தலையிலேயே வைத்துக்கொண்டோம். விட்டுப்போனவை எத்தனை என்பதை நாமே அறிவோம்.

தமிழில் 'கடன்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. திருப்பிக் கொடுக்க வேண்டிய பணமும் கடன். செய்து முடிக்க வேண்டிய கடமையும் கடன். பணக் கடனைக் கடைக்காரர் எழுதி வைத்தார். கடமைக் கடனை யார் எழுதி வைப்பது? இன்று நாம் பேசப் போவது அதைப் பற்றித்தான்.

எங்கள் வீட்டில் நடந்தது

ஊருக்கு உபதேசம் சொல்லுமுன் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். ஊழியர் சேமநிதியில் வாரிசுப் பெயரைப் பதிந்து வைக்க வேண்டும் என்று அக்கா ஒரு நாள் சொன்னார். "செஞ்சிடலாம்" என்றார் அப்பா. நாங்களும் செய்துவிடலாம் என்றோம். "அண்ணன் பார்த்துக்குவாரு" என்று தம்பி இருந்தான். "தம்பி சுங்கை பட்டாணியில்தானே வேலை செய்யிறான், அவன் கூட்டிட்டுப் போவான்" என்று அண்ணன் இருந்தார். இரண்டு தீபாவளி போயிற்று, மூன்றாவதும் போயிற்று. எல்லாருக்கும் அது நினைவிருந்தது. ஒருவரும் நாள் குறிக்கவில்லை.

ஒரு மழைக்காலத்தில், ஐம்பத்திரண்டு வயதில், அப்பா காலமாகிவிட்டார். அதன் பிறகு அம்மா பட்ட பாடு கொஞ்சமன்று. திருமணம் கோயிலில் நடந்தது. அதற்குக் காகிதம் இல்லை. ஒரு பத்திரத்தில் அப்பாவின் பெயர் ஒருவிதமாகவும் இன்னொன்றில் வேறுவிதமாகவும் இருந்தது. ஏறக்குறைய ஓராண்டுக் காலம் அம்மா பஸ் ஏறி ஏறி இறங்கினார். அது எந்த அலுவலகத்தின் குற்றமும் அன்று, எங்கள் குற்றம். பணம் முடிவில் வந்தது. அதைக் கையில் வாங்கிய அன்று அம்மா சொன்னது இது: "உங்கப்பா எனக்கு ஒண்ணும் வைக்காமப் போகல. நாமதான் எழுதி வைக்காம இருந்துட்டோம்."

அப்பா இருந்தபோதே செய்திருந்தால் ஒரு காலைப்பொழுதில் முடிந்திருக்கக்கூடிய வேலை அது. அந்த வாரமே அக்கா கடைக்குப் போய் ஒரு 555 புத்தகம் வாங்கி வந்தார். நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

தோட்டம் வைத்திருந்த நினைவு

நம் மக்களுக்கு ஒழுங்கு தெரியாது என்று யாராவது சொன்னால் அதை நாம் ஒப்ப வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குப் போய், பெயர் கொடுத்து, தம் நிரையில் மரம் மரமாக வெட்டி, குறித்த நேரத்தில் பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்தவர்கள் நாம். அந்த ஒழுங்கில் ஒரு நாள் தவறினால் கூலி போய்விடும்.

ஆனால் அந்த ஒழுங்குக்கு வேண்டிய நினைவைத் தோட்டமே வைத்திருந்தது. எழுப்புவதற்கு மணி இருந்தது. பெயர் கூப்பிடக் கிராணியார் இருந்தார். எந்த நிரை, எத்தனை மரம் என்று சொல்லத் தண்டல் இருந்தார். நாம் போய் நின்றால் போதும்.

இன்று கெடாவில் பல ரப்பர்க் காடுகள் செம்பனையாகிவிட்டன. பல, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. தோட்டத்துப் பிள்ளைகள் சுங்கை பட்டாணியிலும் பீடோங்கிலும் தாமான் வீடுகளில் குடியிருக்கிறார்கள். தொழிற்சாலையில் முறை மாற்றி வேலை செய்கிறார்கள். இங்கே மணி இல்லை. பெயர் கூப்பிடுவோரும் இல்லை. ஆனால் நாள் குறித்த வேலைகள் முன்பைவிடப் பெருகிவிட்டன. மின்சாரக் கட்டணம், தண்ணீர்க் கட்டணம், மோட்டார் சைக்கிளுக்குச் சாலை வரி, பாட்டிக்குச் சர்க்கரை மருந்து, பேரக்குழந்தைக்குத் தடுப்பூசி, பள்ளிப் பதிவு என்று பட்டியல் நீளுகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தோட்டத்து ஒழுங்கு தோட்டத்தின் வேலைக்காக ஏற்பட்டது. கிராணியாரின் ஏட்டில் நாம் எத்தனை நாள் வேலைக்கு வந்தோம் என்பது இருந்தது. நம் பிள்ளையின் பிறப்புப் பத்திரம் எடுத்தாயிற்றா என்பது அதில் இல்லை. அதன் விளைவை நாடே பின்னாளில் பார்த்தது. 2011 பிப்ரவரியில் 'மைடஃப்தார்' என்னும் பதிவு இயக்கம் நடந்தபோது, பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாத இந்தியர்கள் ஆயிரக்கணக்கில் வந்து விண்ணப்பம் கேட்டனர். வறுமை, தூரம், விவரம் தெரியாமை, பெற்றோரின் திருமணம் பதிவாகாமை என்று காரணங்கள் பல உண்டு. அவற்றுள், 'பிறகு பார்க்கலாம்' என்ற ஒன்றையாவது நம்மால் நம் வீட்டைவிட்டு விரட்ட முடியும்.

மறதி படிக்காதவர் குறை அன்று

"நாங்க படிக்காதவங்க, எங்களுக்கு எல்லாம் மறந்துபோகும்" என்று சில தாய்மார்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். அது தவறு. மறதி எல்லாருக்கும் பொது.

1935 அக்டோபர் 30-ஆம் நாள், அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலத்தில், போயிங் நிறுவனத்தின் புதிய பெரிய விமானம் ஒன்று சோதனைக்காக மேலே கிளம்பிய சற்று நேரத்திலேயே விழுந்து எரிந்தது. ஓட்டியவர் கைதேர்ந்த விமானி. விமானம் தரையில் நிற்கும்போது அதன் சுக்கான்கள் காற்றில் ஆடாமல் இருக்க ஒரு பூட்டுப் போடுவார்கள். கிளம்புமுன் அதைத் திறந்துவிட மறந்துபோனார்கள். அதன் பிறகு விமானிகளுக்குப் புதிதாகத் திறமை ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. கிளம்புமுன் பார்க்க வேண்டியவற்றை ஓர் அட்டையில் வரிசையாக எழுதிக் கொடுத்தார்கள். இன்றும் விமானிகள் அத்தகைய பட்டியலைப் பார்த்தே விமானத்தைக் கிளப்ப வேண்டும் என்பது முறை.

உலகச் சுகாதார நிறுவனமும் அறுவைச் சிகிச்சைக்கென்று 19 வரிகள் கொண்ட ஒரு பட்டியலை 2008-இல் வெளியிட்டது. எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். புது டில்லியும் அவற்றுள் ஒன்று. அறுவைச் சிகிச்சைக்குப் பின் இறந்தவர்களின் விகிதம் நூற்றுக்கு 1.5-இலிருந்து 0.8-ஆகக் குறைந்தது. பெரிய மருத்துவர்களே பட்டியல் பார்த்து வேலை செய்யும்போது, நாம் எழுதி வைத்துச் செய்வதில் என்ன கூச்சம்?

பால்வெட்டு சொல்லித்தரும் பாடம்

எழுதி வைத்தால் மட்டும் போதுமா? போதாது. சிலர் ஆர்வமாக இருபது வேலைகளை ஒரே தாளில் எழுதுவார்கள். மாலையில் பார்த்தால் இரண்டுதான் முடிந்திருக்கும். மனம் சோர்ந்து தாளையே தூக்கி எறிந்துவிடுவார்கள். இங்கே நம் பழைய தொழிலையே ஆசானாகக் கொள்ளலாம்.

பால்வெட்டுக்காரர் காட்டிலுள்ள எல்லா மரங்களையும் ஒரே நாளில் வெட்டுவதில்லை. ஒருவருக்கு இவ்வளவு என்று 500, 600 மரங்களை அளந்து கொடுப்பார்கள். அந்த மரங்களையும் தினமும் வெட்டுவதில்லை. பெரும்பாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுவார்கள். ஆசைப்பட்டு உளியை ஆழமாகப் பாய்ச்சினால் மரத்தில் காயம் விழும். அந்த இடத்தில் பட்டை சீராக வளராது. வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். ஏறிய பின் எவ்வளவு பாடுபட்டாலும் மங்கு நிறையாது.

இந்த நான்கையும் நம் பட்டியலுக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரு நாளுக்கு இவ்வளவுதான் என்ற அளவு வேண்டும். எல்லா வேலையையும் எல்லா நாளும் செய்ய வேண்டியதில்லை. உடம்பை வருத்தி ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் மறுவாரம் படுத்துவிடுவோம். கடினமான வேலையைத் தெம்பு இருக்கும் நேரத்தில் செய்ய வேண்டும்.

ஐந்து பழக்கங்கள்

எங்கள் வீட்டில் நாங்கள் கைக்கொண்ட முறையைச் சொல்கிறோம். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, ஓர் இடம். ஒரே புத்தகம், அதற்கு நூலில் கட்டிய ஒரு பென்சில், தினக்காலண்டருக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. நாளிதழ் ஓரத்திலும் சிகரெட் அட்டையிலும் எழுதிய குறிப்பு, எழுதாத குறிப்புக்குச் சமம்.

இரண்டாவது, நினைவு வந்தவுடன் எழுதுவது. கடைக்காரர், "பிறகு எழுதிக்கொள்கிறேன்" என்று சொல்லி நாம் கேட்டதுண்டா?

மூன்றாவது, செய்யக்கூடிய அடுத்த அடியை எழுதுவது. 'மகனுக்கு மைகாட்' என்று எழுதினால் அது ஒரு கவலை, வேலையன்று. 'ஞாயிறு காலை, அண்ணன், மகனைக் கூட்டிக்கொண்டு, பிறப்புப் பத்திரத்துடன் பதிவு இலாகா' என்று எழுதினால் அது வேலை. என்று, யார், எதை எடுத்துக்கொண்டு, எங்கே என்ற நான்கும் அதில் இருக்கின்றன. இப்படித் திட்டமாக எழுதிவிட்டால் மனமும் இலேசாகிறது. அமெரிக்க உளவியல் ஆய்வாளர்களான மாசிகாம்போ, பாமைஸ்டர் என்னும் இருவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியது. முடியாத வேலை மனத்தை அரித்துக்கொண்டிருக்கும். அதை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டமிட்ட அளவிலேயே அந்த அரிப்பு அடங்குகிறது என்று அவர்கள் கண்டார்கள். நம் வள்ளுவப் பெருந்தகையும் வினைசெயல்வகை என்று ஓர் அதிகாரமே வகுத்து, முடிக்காமல் விட்ட வினையை அணைக்காமல் விட்ட தீக்கு ஒப்பிட்டிருக்கிறார்.

நான்காவது, ஒரு நாளைக்கு மூன்று. இரவு விளக்கணைக்குமுன் புத்தகத்தைப் பார்த்து, நாளைக்கு என்று மூன்று வேலைகளுக்கு மட்டும் பக்கத்தில் புள்ளி வைக்கிறோம். சமையல், துணி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல் போன்ற அன்றாட வேலைகள் இதில் சேரா. மூன்று முடிந்தால் நான்காவதைத் தொடலாம்.

ஐந்தாவது, வாரம் ஒரு முறை எல்லாரும் உட்கார்ந்து பார்ப்பது. முடிந்ததை அடிக்க வேண்டும். மூன்று வாரமாக ஒரே வேலை அடிபடாமல் நின்றால், அதை விசாரிக்க வேண்டும். பெரிதாக இருக்கிறதா? இரண்டாக வெட்டுவோம். வேறொருவர் செய்ய வேண்டியதா? அவர் பெயரை எழுதுவோம். தேவையே இல்லாததா? துணிந்து அடித்துவிடுவோம்.

எந்த நாளில் எந்தக் கதவு திறக்கும்

நம் வட்டாரத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கெடாவில் அரசாங்க அலுவலகங்களுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். மூடா ஆற்றைத் தாண்டிப் பினாங்கு மாநிலத்துக்குள் போனாலோ சனியும் ஞாயிறும் விடுமுறை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் வேலையும் வைத்திருப்பவர்கள் இதை மறந்து, ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, மூடிய கதவைப் பார்த்துத் திரும்பியதுண்டு. ஆகவே, புத்தகத்தின் முதல் பக்கத்தில் இதை எழுதி வையுங்கள். அந்தப் பக்கம் வேலை செய்து ஞாயிற்றுக்கிழமை ஓய்வு பெறுகிறவர்களுக்கு இதுவே ஒரு வசதியும் ஆகும். சம்பளம் போகாமல் இந்தப் பக்கத்து அலுவலக வேலையை முடித்துக்கொள்ளலாம்.

அதே பக்கத்தில், தவறக் கூடாத நாட்களையும் எழுதுங்கள். தீபகற்ப மலேசியாவில் குழந்தை பிறந்த 60 நாட்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். 12 வயது நிறைந்ததும் மைகாட் எடுக்க வேண்டும். 18 வயதில் அதை மாற்ற வேண்டும். 1982 மார்ச் 1 முதல், கோயிலில் தாலி கட்டினாலும் திருமணத்தைச் சட்டப்படி பதிந்தாக வேண்டும். சேமநிதியில் வாரிசுப் பெயர் இருக்கிறதா என்பதை இந்த வாரமே பாருங்கள்.

அவரவர்க்கு ஏற்ற முறை

ஒருவர் சட்டை இன்னொருவருக்குப் பொருந்தாது. இரவு வேலைக்குப் போகும் மகன் புத்தகத்தைப் பார்க்க மாட்டான். அவன் கைப்பேசியில் மணி ஒலிக்க வைத்துக்கொள்ளட்டும். எழுத்துத் தெரியாத பாட்டி முந்தானையில் முடிச்சுப் போட்டு நினைவு வைப்பார். அதை நாம் சிரித்து ஒதுக்கக் கூடாது. அந்த முடிச்சு எதற்கு என்று பேத்தி கேட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். பாட்டிக்கு வேலை முடியும். பேத்திக்குத் தமிழ் எழுத்து கைவரும். மாத்திரைக்கு, காலண்டரில் அந்தந்த நாளில் ஒரு கோடு கிழித்தால் போதும். முறை எது என்பது பெரிதன்று. ஒருமுறை தேர்ந்துகொண்டால் மூன்று மாதமாவது அதை மாற்றாமல் நடத்திப் பார்ப்பதுதான் முக்கியம்.

பெரிய வேலை என்று அஞ்சவும் வேண்டாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர்கள் வெளியேற்றப்பட்ட காலத்தில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பங்கு ஒன்று 100 வெள்ளி. பால்வெட்டுத் தொழிலாளி ஒரே மூச்சில் 100 வெள்ளிக்கு எங்கே போவார்? மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம் என்று வைத்தார்கள். அப்படிச் சேர்ந்த பணத்தில் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். மலையாகத் தெரிந்த வேலையைப் பத்துப் பத்தாகப் பிரித்ததால், கூலிக்கு மரம் வெட்டியவர்களே ஒரு தோட்டத்துக்குப் பங்காளிகள் ஆனார்கள்.

தவறினால் என்ன செய்வது? தவறத்தான் செய்யும். அமெரிக்கப் பேரறிஞர் பெஞ்சமின் பிராங்ளின் பதின்மூன்று நற்பண்புகளை ஒரு சிறு புத்தகத்தில் கட்டம் போட்டு எழுதி, தவறிய நாளில் கரும்புள்ளி வைத்தார். அவற்றுள் தமக்கு மிகவும் தொல்லை தந்தது ஒழுங்கு என்னும் பண்புதான் என்று அவரே தம் வரலாற்றில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்கே அப்படியென்றால், நாம் ஒரு வாரம் எழுதாமல் விட்டதற்காகப் புத்தகத்தை மூடிவிட வேண்டியதில்லை. மழை பெய்தால் வெட்டு நிற்கும். மழை விட்டதும் மறுபடி உளியை எடுக்கிறோம் அல்லவா?

எங்கள் வீட்டில் இப்போது ஏழாவது புத்தகம் நடக்கிறது. அம்மாவுக்கு எழுத வராது. ஆனால் இரவில் அவர்தாம் அதை ஆணியிலிருந்து எடுத்து, "இன்னிக்கு என்னென்ன அடிச்சாச்சு, படி" என்று பேத்தியிடம் கொடுக்கிறார்.

நேயர்களே, விலை சில காசுகள்தாம். நாளைக் காலை கடைக்குப் போகும்போது ஒன்று வாங்கி வாருங்கள். முதல் வரியில், உங்கள் வீட்டில் நெடுநாளாக எல்லாருக்கும் நினைவிருந்தும் ஒருவரும் செய்யாத அந்த ஒரு வேலையை எழுதுங்கள். பக்கத்தில் ஒரு நாளையும் ஒரு பெயரையும் எழுதுங்கள்.